கொரியாவில் ஒரு ஸலாம், ஜப்பானில் ஒரு 'போயிட்டு வாறேன்'

தென் கொரியத் தலைநகர் சியோலில் இதெவோன் என்றொரு மேட்டுப் பகுதி உண்டு. 1976இல் திறக்கப்பட்ட பெரிய பள்ளிவாசல் அங்குதான் இருக்கிறது. அதை நோக்கி ஏறும் தெருவில் ஹலால் சாப்பாட்டுக் கடைகள். கடைக்குள் நுழைந்தால் காதில் விழும் முதல் வார்த்தை "அன்னியோங் ஹசேயோ". 'அன்னியோங்' என்றால் அமைதி, சுகம். நமது ஸலாத்தின் பொருளுக்கு எவ்வளவு கிட்டிய சொல், பாருங்கள்!

விடைபெறும்போது ஒரு நுணுக்கம். போகிறவர், "அன்னியோங்ஹி கெசேயோ" (சுகமாக இருங்கள்) என்பார். இருப்பவர், "அன்னியோங்ஹி கசேயோ" (சுகமாகப் போங்கள்) என்பார். தெருவில் சந்தித்து இருவரும் பிரிந்து போவதென்றால் இருவருக்கும் 'கசேயோ'தான்.

2004 முதல் அரசாங்க ஒப்பந்தத்தின் கீழ் நம் நாட்டு இளைஞர்கள் கொரியாவுக்கு வேலைக்குப் போகிறார்கள். அதற்கு மொழிப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். வீட்டில் மகனோ தம்பியோ அதற்குப் படிப்பதாக இருந்தால், சகோதரிகளே, இதைச் சொல்லி வையுங்கள். அந்த மொழியில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. நன்றி சொல்லக் கூட்டாளியிடம் "கோமவோ" போதும். பெரியவரிடம் "கம்சஹம்னிதா" என்றே சொல்ல வேண்டும். புத்தகம் மரியாதைச் சொல்லைத்தான் கற்றுக் கொடுக்கும். ஆனால் வேலைத்தளத்தில் மேற்பார்வையாளர் பையனைப் பார்த்துச் சொல்வது பெரும்பாலும் 'வா, போ' என்ற ஒருமைதான். அதைக் கேட்டுப் பழகிய பிள்ளை, தகப்பன் வயதுள்ள அவரிடமே அதைத் திருப்பிச் சொன்னால், எவ்வளவு சிரித்துச் சொன்னாலும் அவமதிப்பாகவே படும். கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கும் கெட்ட பெயர் வருவது இப்படித்தான்.

பிறந்தநாள் கொண்டாடுவது பற்றி நம்மிடையே உள்ள பேச்சு வேறு. இங்கே சொல்வது அவர்கள் வழக்கம். சாதாரணமாக "ஸெங்இல் ச்சுக்காஹம்னிதா" என்பார்கள். தாய் தகப்பனுக்கோ முதியவருக்கோ பிறந்தநாளின் பெயரே மாறிவிடும்: "ஸெங்ஸின் ச்சுக்காதுரிம்னிதா".

அன்று காலையில் கடற்பாசி சூப் குடிப்பார்கள். நாம் நோன்புக் காலத்தில் காய்ச்சி ஆறவைக்கும் கடற்பாசி அல்ல. இது கரும்பச்சை நிறத்தில் இலை போன்றது. 'மியோக்குக்' என்பது சூப்பின் பெயர். பிள்ளை பெற்ற தாய்க்கு வாரக்கணக்கில் கொடுக்கும் பத்தியச் சாப்பாடு இதுவே. பெற்றவள் பட்ட பாட்டைப் பிள்ளை நினைக்கத்தான் பிறந்தநாளில் அதே சூப் என்று அங்குள்ளவர்கள் சொல்வார்கள். "மியோக்குக் சாப்பிட்டாயா?" என்று கேட்பதே ஒரு வாழ்த்து. பெரும்பாலும் மாட்டிறைச்சி போட்டுக் காய்ச்சுவதால், நமது பிள்ளைகள் இறைச்சியை விசாரித்துக்கொள்ள வேண்டும். பரீட்சை நாளில் மட்டும் பலர் அதைத் தொடுவதில்லை. பாசி வழுக்குவது போலப் பரீட்சையிலும் வழுக்கிவிடுமாம்! மூடநம்பிக்கைக்கு எந்த நாட்டிலும் பஞ்சமில்லை.

தாயை அந்தப் பிள்ளைகள் 'ஒம்மா' என்று கூப்பிடுவது நம் காதுக்கு 'உம்மா' என்றே கேட்கும்.

வயதுக் கணக்கும் வேடிக்கையானது. பிறந்தவுடன் ஒரு வயது, புத்தாண்டு பிறந்தால் இன்னொன்று. டிசம்பர் 31இல் பிறந்த குழந்தைக்கு மறுநாள் இரண்டு வயது! 2023 ஜூனில் சட்டம் போட்டு அரசாங்க வேலைகளில் நம்மைப் போன்ற கணக்கைப் பொதுவாக்கினார்கள்.

ஜப்பானில் பிறந்தநாள் வாழ்த்து "தஞ்ஜோபி ஒமெதெதோ". பெரியவர்களுக்கு அதோடு 'கொஸாய்மஸ்' சேர வேண்டும். சாப்பிடுமுன் "இததாக்கிமஸ்" (பணிவோடு பெற்றுக்கொள்கிறேன்) என்பார்கள். சாப்பிட்டு முடிந்ததும் "கொச்சிஸோசமா". சமைத்தவளுக்கு வேளைதோறும் நன்றி கிடைக்கிறது. நம் வீடுகளில் உப்புக் குறைந்தால் மட்டுமே சத்தம் கேட்கிறது.

நமக்கு ஆக நெருக்கமானது வாசற்படிப் பேச்சு. வெளியே போகிறவர் "இத்தெகிமஸ்" என்பார். 'போயிட்டு வாறேன்' என்பதேதான், சொல்லுக்குச் சொல். வீட்டிலிருப்பவர் "இத்தெராஷ்ஷாய்", போய்விட்டு வாருங்கள் என்பார். திரும்பி வந்ததும் "ததாய்மா" (இதோ வந்துவிட்டேன்). உள்ளிருந்து "ஒகாயெரி" என்று பதில் வரும். தனியே வாழ்கிறவர்களிலும் சிலர், பதில் சொல்ல யாருமில்லாத வீட்டுக்குள் நுழையும்போது "ததாய்மா" என்று சொல்வதுண்டு.