வாளிக்கு இடம்

அமெரிக்கக் கட்டட விதிகளில் வாளி கிடையாது. அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் குடியிருப்பு விதிநூல், கம்மோடின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலம் விடு, முன்னால் 21 அங்குலம் விடு என்கிறது. குளிப்பதற்கு ஷவரோ தொட்டியோ இருக்கும் என்று வைத்துக்கொள்கிறது. ஸ்டூலில் உட்கார்ந்து சொம்பால் மொண்டு ஊற்றிக்கொள்ளும் ஒரு உடம்பு அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

அம்மையார்குப்பத்தில் எங்கள் வீட்டுக்குள் ஒரு பாத்ரூம் கட்ட வேண்டியிருந்தது. பழையது கொல்லையில், மூன்று படி இறங்கி. ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலையின் 365 படியையும் நிற்காமல் ஏறிய அம்மாவுக்கு இப்போது அந்த மூன்று படி ஆகவில்லை. ராத்திரியில் போக வேண்டியிருக்குமே என்று சாயங்காலத்திலிருந்து தண்ணீர் குடிப்பதையே விட்டிருந்தார். எனக்கு இது தெரிய ஆறு மாதம் ஆனது, அதுவும் அப்பா சொல்லி.

இடம்தான் சிக்கல். தறி இருக்கும் வீட்டில் மிச்சமிருப்பதுதான் வீடு. விசைத்தறிக்குப் பின்னால், செங்கல்லுக்குச் செங்கல் 50 அங்குலம் அகலம், 68 அங்குலம் நீளம். பூச்சும் டைல்ஸும் பக்கத்துக்கு ஒரு அங்குலம் தின்றுவிட்டால் 48க்கு 66. அதாவது 22 சதுர அடி. நம்முடைய தேசியக் கட்டட விதித்தொகுப்பு கழிப்பறையும் குளியலறையும் சேர்ந்த அறைக்கு 2.8 சதுர மீட்டர், ஏறக்குறைய 30 சதுர அடி கேட்கிறது. அகலம் 1.2 மீட்டர். அகலத்தில் பாஸ், பரப்பில் ஃபெயில். "தறிய அரை அடி தள்ளினா?" என்று கேட்டேன். "தறி சோறு போடுதுடா," என்றார் அப்பா. அதற்கு மேல் அந்தப் பேச்சு நகரவில்லை.

வாஷ்பேசினை முதலிலேயே வெளியே வைத்தாயிற்று. நம் ஊரில் அது எப்போதும் வெளியில்தானே. பிறகு தரையில் சாக்பீஸால் கோடு போட்டு, கம்மோடு இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னேன். எழும்போது வலது கையால் சுவரைத் தேடினார். அத்தோடு வரைபடம் கண்ணாடியில் பார்த்ததுபோல் திரும்பிக்கொண்டது: கம்மோடு வலது சுவரோரம், நடுக்கோட்டுக்குச் சுவரிலிருந்து சரியாக 15 அங்குலம், கைக்கு எட்டும் உயரத்தில் ஸ்டீல் பிடி. பெரிய பாத்ரூமில் சுவர் இவ்வளவு பக்கத்தில் வராது.

கம்மோடு அகலம் 14 அங்குலம். இடப்பக்கம் 26 மிஞ்சியது. அதுதான் வாளிக்கு, குழாயும் அங்கேதான். முன்னால் மிஞ்சிய 39 அங்குலத்தில் ஸ்டூல். இடது சுவருக்கு முதுகு காட்டி உட்கார்ந்தால் வாளி வலது கைப்பக்கம் வந்துவிடுகிறது. மூன்று மாலை இதை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். ஆபீஸில் எந்த டிசைனுக்கும் இவ்வளவு மெனக்கெட்டதில்லை.

கொத்தனார் பள்ளிப்பட்டுப் பக்கம், தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பவர். எஸ்-ட்ராப் கம்மோடில் வெளியேறும் துளையின் மையம் சுவரிலிருந்து 9 அங்குலம் என்று காட்டினேன். அவர் உடனே செங்கல்லில் டேப்பை வைக்காமல், "டைல்ஸ்ல இருந்து 9ங்களா, கல்லுல இருந்தா?" என்று கேட்டார். கேட்கத் தெரிந்த ஆள். டைல்ஸிலிருந்துதான். கல்லிலிருந்து வைத்திருந்தால் ஒரு அங்குலம் குறைந்து, கம்மோடு தன் துளையில் உட்காராமல் சுவரில் முட்டி நின்றிருக்கும்.

கதவு 28 அங்குலம். உள்ளே திறந்தால் அந்த 39-இல் 11தான் மிச்சம். அதைவிடப் பெரிய பயம், உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் கதவை அவர் மேலேயே தள்ளித்தான் திறக்க வேண்டும். வெளியே திறந்தால் அப்பாவின் நடைபாதை அடைபடும். இழை அறுந்தால் பாவுப் பக்கம் அவர் ஓட வேண்டும். கீலை மறுபக்கம் மாற்றி, கதவு முழுக்கத் திரும்பிச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி செய்தோம். அப்பா இரண்டு தடவை திறந்து மூடி, பக்கவாட்டில் நடந்து பார்த்துவிட்டு, "போறதுக்கு வருது," என்றார்.

தாழ்ப்பாளில்தான் அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. வெளியிலிருந்து காசு வைத்துத் திருகினால் திறக்கிற மாதிரி ஒன்று வாங்கி வந்திருந்தேன். "அப்போ அது தாப்பாளே இல்லியே," என்றார். இப்போது இரண்டும் இருக்கின்றன. எதைப் போடுகிறார் என்று நான் கேட்பதில்லை.