மாமாவின் டிரேசிங் துணி

முகம் வரையப் பழக வேண்டுமா, பழைய மேதை ஒருவரைப் பார்த்து வரை என்பார்கள். எனக்கு வாய்த்தவர் ரெம்பிராண்ட். நானாகத் தேடிப் போகவில்லை. ராபர்ட்சன்பேட்டையில் எடைக்கு வாங்கிய பழைய பத்திரிகைகளில், கிழியாமல் இருந்த ஒரே முகம் அவருடையது. தன்னையே ஏறத்தாழ 80 தடவை வரைந்து பார்த்த மனிதர். உருளைக்கிழங்கு மூக்கு.

மாமா கோலார் தங்கச் சுரங்க சர்வே ஆபீசில் டிரேசர். அதையெல்லாம் எங்கள் லைன் வீடுகளில் வேலையாகவே யாரும் மதித்ததில்லை. சாம்பியன் ரீஃபில் 3,000 மீட்டருக்குக் கீழே போய்ப் பாறை உடைத்துவிட்டு வருகிறவர்கள், மேலே உட்கார்ந்து கோடு இழுக்கிறவனை எப்படி மதிப்பார்கள்? ஆனால் மாமாவுக்கும் ஒரு பயம் இருந்தது: வேர்வை. டிரேசிங் துணி என்பது கஞ்சி ஏற்றி மெருகு போட்ட மெல்லிய துணி. அடியில் வைத்த பிளான் அதன் வழியே தெரியும். சாக்கட்டித் தூளைத் தேய்த்து எண்ணெய்ப் பசையை எடுத்த பிறகுதான் மை பிடிக்கும். நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் கஞ்சி கரைந்து தழும்பாகிவிடும். நாலு நாள் வேலை போச்சு.

அப்படிப் போன ஒரு துண்டை எனக்குத் தந்தார். ரெம்பிராண்டின் மேல் விரித்து, கோடு பிசகாமல் மையில் எடுத்தேன். மாமா பத்திரிகையையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூக்கு இன்னாடா ஆச்சு?"

"கொஞ்சம் நேராக்கினேன் மாமா."

"இல்லாத எடத்துல கோடு போட்டின்னா, அத நம்பி கீழ ஆள் போவான்டா."

மூக்குக்கும் சுரங்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்க எனக்குத் தைரியமில்லை.

பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது, அந்த ரெம்பிராண்டே நம் ஊர்ப் படங்களைப் பார்த்து வரைந்தவர் என்று. 1656இல் திவாலான பிறகு, முகலாயச் சிற்றோவியங்களை வைத்துக்கொண்டு இருபதுக்கும் மேற்பட்ட பிரதிகள் எடுத்திருக்கிறார். ஷாஜகான், தாரா ஷிகோ எல்லோரும் இருக்கிறார்கள். ஹாலந்தை விட்டு வெளியே போகாதவர், ஆசியாவிலிருந்து கப்பலில் வந்த காகிதத்தில், இந்தியாவில் உயிரோடு இருந்த பாதுஷாவை வரைகிறார். அதிலும் சும்மா இருந்தாரா? மூலத்தில் இல்லாத நிழலைக் காலடியில் போட்டார். மாமா அவரை ஆபீஸ் வாசலிலேயே நிறுத்தியிருப்பார்.

ஓவியர் ரவிவர்மாவுக்கோ கற்றுக்கொள்வதே பெரும்பாடாக இருந்தது. எண்ணெய் வண்ண வித்தை தெரிந்த மதுரை ராமசாமி நாயக்கர் சொல்லித்தர மறுத்துவிட, அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் ரகசியமாக வந்து காட்டிக் கொடுத்தார் என்று ஒரு கதை உண்டு. 1868இல் திருவனந்தபுரம் வந்த தியடோர் ஜென்சனும் கற்றுத்தரவில்லை. தான் வரைவதைப் பார்க்க மட்டும் விட்டார். ஆறுமுகம் பிள்ளை வரைந்த படம் எதையும் நான் பார்த்ததில்லை. அந்த நடுராத்திரி நடையை மட்டும் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். மாமா அதற்கு முன்பே ரிட்டையர் ஆகிவிட்டார். அவர் வேலையில் இருந்த காலத்தில், வீணான டிரேசிங் துணிகளை அத்தை கொதிநீரில் போட்டுக் கஞ்சியைக் கழற்றுவாள். உள்ளிருந்து பூப்போல மெல்லிய துணி வரும். அக்கம்பக்கத்துக் கைக்குழந்தைகளுக்கெல்லாம் அதில்தான் சட்டை. என் ரெம்பிராண்டும் அந்த அண்டாவுக்குள் போனார். மை முழுக்கப் போகவில்லை. எதிர்வீட்டுக் குழந்தை ஆறு மாசம், இடது தோளில் ஒரு கிழவனின் புருவத்தோடு தவழ்ந்தது.