சூக்கோவின் பெரியவாப்பா

ஆங்கிலத்தில் 'அங்கிள்' என்றொரு சொல்லை வைத்துக்கொண்டு மாமா, சாச்சா, பெரியவாப்பா எல்லோரையும் சமாளித்து விடுகிறார்கள். 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடரில் வரும் ஐரோவையும் உலகெங்குமுள்ள இரசிகர்கள் 'அங்கிள் ஐரோ' என்றே கொண்டாடுகின்றனர். கதைப்படி அவர் இளவரசன் சூக்கோவினுடைய தந்தையின் மூத்த சகோதரர். நமது வழக்கில் பெரியவாப்பா. இது வெறும் முறைப்பெயர் விவகாரமல்ல. பெற்றவன் கைவிட்ட பிள்ளைக்கு வாப்பாவாக நிற்கின்ற உரிமையும் கடமையும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

கார்ட்டூனைப் பற்றியெல்லாம் இலக்கியச் சஞ்சிகையில் எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் இருக்கலாம். அவர்கள் இத்தொடரின் நான்கைந்து பாகங்களையாவது பார்த்துவிட்டு முகஞ்சுளிக்கட்டும். மைக்கல் டான்டே டிமார்ட்டினோ, பிரையன் கொனியட்ஸ்கோ ஆகிய இருவரும் உருவாக்கிய இத்தொடர் 2005 முதல் 2008 வரை நிக்கலோடியன் தொலைக்காட்சியில் 61 பாகங்களாக ஒளிபரப்பானது.

நெருப்புத் தேசம் நூறாண்டுகளாக ஏனைய தேசங்கள் மீது போர் நடத்துகிறது. இளம் வீரர்களைப் பலிகொடுக்கும் திட்டமொன்றை எதிர்த்துப் படையாலோசனையில் வாய்திறந்தான் சூக்கோ. அப்போது அவனுக்கு வயது 13. அதன் விளைவாக மூண்ட விசாரணைச் சண்டையில், எதிரே நிற்பது தகப்பன் என்று கண்டு மண்டியிட்டு மன்னிப்புக் கேட்ட மகனின் முகத்தை நெருப்பால் பொசுக்கி நாடுகடத்துகிறான் அரசன் ஒசாய். அவதாரைப் பிடித்து வந்தாலன்றி அவனுக்கு ஊர் திரும்ப வழியில்லை. ஐரோவை எவரும் நாடுகடத்தவில்லை. ஆயினும் அவரும் கப்பலேறுகிறார்.

ஐரோவின் பெயரால் இன்று முதுமொழிகள்தான் அதிகம் உலவுகின்றன. எனக்கு அவற்றில் பெரிய ஈடுபாடில்லை. அவர் சொல்லும் ஞானவாக்குகளில் பாதியைச் சூக்கோ காதில் வாங்குவதே இல்லை; வகுப்பறையில் நிற்கும் எவருக்கும் இது புதினமல்ல. அவர் ஆசானாகத் தெரிவது வேறு இடங்களில். மின்னலைத் திசைதிருப்பும் வித்தையை அவர் நீரை ஆள்வோரிடமிருந்து, அதாவது எதிரிகளிடமிருந்து, பார்த்துப் பழகியிருக்கிறார். அதை மறைக்காமல் மருமகனுக்கும் சொல்லிக் கொடுக்கிறார். ஹிக்மத்தை எங்கு கண்டாலும் எடுத்துக்கொள் என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது நெருக்கமான காட்சி. பயிற்சிக்காகத் தன்மீது மின்னலை எய்யும்படி பையன் கெஞ்சும்போதோ மறுத்து விடுகிறார்.

(மருமகன் என்று எழுதிவிட்டேன். பெரியவாப்பாவுக்கு அவன் மகன்தான். ஆங்கிலம் நமது பேனாவுக்குள்ளும் புகுந்துவிடுகிறது.)

2006 செப்டெம்பரில் ஒளிபரப்பான 'பா சிங் சே கதைகள்' என்ற பாகத்தில் ஐரோவுக்கென்று சில நிமிடங்கள் உண்டு. அழும் குழந்தையைப் பாடித் தேற்றுகிறார். கத்தியைக் காட்டிக் கொள்ளையிட வந்தவனுக்கு, நிற்கும் நிலையே சரியில்லை என்று திருத்திக் கொடுத்து, பின்னர் தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுக்கிறார். மாலையில் குன்றொன்றின் மேல் ஒற்றை மரத்தின் கீழ், போரில் இறந்துபோன தன் மகன் லூ டென்னின் படத்தை வைத்து, காலையில் பாடிய அதே பாட்டைப் பாடி உடைந்து அழுகிறார். ஐரோவுக்குக் குரல் கொடுத்த நடிகர் மாக்கோ அதே ஆண்டு ஜூலையில் புற்றுநோயால் காலமானார். அந்தச் சில நிமிடங்கள் அவருக்கே சமர்ப்பணம் செய்யப்பட்டிருக்கின்றன. எஞ்சிய பாகங்களில் கிரெக் போல்ட்வின் பேசினார்.

மாக்கோவின் தந்தை டாரோ யாஷிமா 1955இல் 'குரோ போய்' என்ற சிறுவர் சித்திரநூலை எழுதியவர். ஜப்பானியக் கிராமப் பாடசாலையில் எவராலும் கவனிக்கப்படாத ஒரு பையனை, ஆறாம் ஆண்டில் வந்த புது ஆசிரியர் ஒருவர் கவனிக்கத் தொடங்குவதுதான் கதை. ஆசிரிய கலாசாலைகளில் வாசிக்கக் கொடுக்க வேண்டிய நூல். அதை எழுதியவரின் மகன்தான் ஐரோவுக்குக் குரலானார் என்றறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை மறைப்பானேன்?

இனி, எனக்கு உறுத்துவதையும் சொல்ல வேண்டும். பா சிங் சே நகரில் தேத்தண்ணி ஊற்றும் இந்த மனிதர்தான் அதே நகரைப் படைத்தளபதியாக 600 நாட்கள் முற்றுகையிட்டவர். வெளிமதிலை உடைத்தவர். 'தனித்த சூக்கோ' என்ற பாகத்தில் முற்றுகைக் களத்திலிருந்து அவர் எழுதிய கடிதமொன்று வாசிக்கப்படுகிறது. சரணடைந்த தளபதியின் கத்தி சூக்கோவுக்கு. அவனுடைய தங்கைக்கு ஒரு பொம்மை. நகரை முதலில் எரித்துவிடாதிருந்தால் நீங்களும் ஒருநாள் வந்து பார்க்கலாம் என்று பகிடியும் விடுகிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். போர் தின்ற நாட்டில் பிள்ளைப் பராயத்தைக் கழித்த எனக்கு அந்தச் சிரிப்பைச் சாதாரணமாகக் கடந்துவிட முடியவில்லை.

அவர் முற்றுகையைக் கைவிட்டது மகன் இறந்த பிறகு. மதிலுக்கு உள்ளேயும் எத்தனையோ லூ டென்கள் இறந்திருப்பார்கள். அவர்களுடைய உம்மாமாருக்கு ஏறிநின்று அழக் குன்று எங்கே இருந்தது? தௌபா அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையிலானது. ஹக்குல் இபாத் அப்படியல்ல; அநியாயம் இழைக்கப்பட்டவனிடம் போய் நின்றாக வேண்டும். ஐரோ அந்நகருக்கு அகதியாக, முஷி என்ற பொய்ப்பெயருடன் திரும்பி வருகிறார். பெயர் மறைத்த அகதி தன்னை வெளிப்படுத்த முடியாதுதான். ஆனால் பிற்பாடும் அவர் அந்தச் சனங்களிடம் வாய்விட்டு ஒன்றும் கேட்பதாகத் தொடர் காட்டவில்லை. 2024இல் நெட்ஃபிளிக்ஸ் நடிகர்களைக் கொண்டு இக்கதையை மீண்டும் எடுத்தபோது, முற்றுகையில் உறவை இழந்த மண் இராச்சியப் படைவீரன் ஒருவன் அவர் முகத்துக்கு நேரே கணக்குக் கேட்கும் காட்சியைச் சேர்த்தார்கள். இந்த இடைவெளி வேறு சிலருக்கும் உறுத்தியிருக்கிறது போலும்.

பழைய தொடரில் மன்னிப்புக் கேட்பவன் சூக்கோ மட்டுமே. பா சிங் சேயில் பெரியவாப்பாவைக் காட்டிக் கொடுத்துச் சிறைக்கு அனுப்பியவன், இறுதியில் அவருடைய கூடாரத்தைத் தேடிவந்து, அவர் விழிக்கும்வரை காத்திருக்கிறான். அழுதழுது அவன் பேசி முடிப்பதற்குள் இழுத்து அணைத்துக்கொள்கிறார். கோபமே இருக்கவில்லை என்கிறார். நீ வழிதவறி விட்டாய் என்ற கவலைதான் என்கிறார். எத்தனை தடவை பார்த்தாலும் கண் கலங்கும் காட்சி. கேட்டு முடியுமுன்னே மன்னிக்க அவருக்கு எப்படி முடிந்தது? தானே இன்னும் கேட்காத மன்னிப்பொன்றைச் சுமந்திருப்பவர் என்பதால்தான் என்று நான் வாசிக்கிறேன். எழுதியவர்கள் இதை நினைத்தார்களோ இல்லையோ, படத்தில் அது இருக்கிறது.

ஒசாயைத் தானே கொல்ல அவர் உடன்படுவதில்லை. அண்ணன் தம்பியைக் கொன்று ஆட்சியைப் பிடித்ததாகவே வரலாறு சொல்லும் என்கிறார். அரியணையைச் சூக்கோவுக்கு விட்டுவிட்டு, நெருப்புத் தேசப் படையிடம் வீழ்ந்திருந்த பா சிங் சேயை மீட்கப் போகிறார். ஒருகாலத்தில் தான் உடைத்த மதிலைத் தாண்டி, இம்முறை அதன் பக்கம் நின்று. இது கடனில் ஒரு பங்கைத் தீர்த்தது என்று ஏற்கிறேன். முழுவதையும் தீர்த்ததா என்று சொல்லவேண்டியவர்கள் அந்நகரத்தார். இறுதிக் காட்சி அங்குள்ள அவருடைய தேத்தண்ணிக் கடையில்தான். ஐரோ ஊதுகுழல் வாசிக்கிறார். புதிய அரசன் சூக்கோ எல்லோருக்கும் தேத்தண்ணி பரிமாறுகிறான். அந்தக் காட்சியில் நகரத்தார் ஒருவரும் பேசுவதில்லை.