சடை தரித்த மூலிகை

பொழிச்சலூரில் மலை கிடையாது. சென்னை விமான நிலையத்தை அடுத்துள்ள எங்கள் ஊரில் மலை தரிசனம் செய்ய விரும்புகிறவர்கள், பல்லாவரத்துக் குன்றையோ, சுமார் 300 அடி உயரமுள்ள பறங்கிமலையையோ பார்த்துத் திருப்தியடைய வேண்டியதுதான். ஆயினும், எங்கள் ஊரில் எத்தனையோ வீடுகளில் ஹிமாலய பர்வதத்தின் ஒரு துணுக்கு காகிதப் பொட்டலத்தில் கட்டுண்டு கிடக்கிறது என்று நான் சொன்னால், அது வெறும் அலங்கார வார்த்தையன்று. நாட்டு மருந்துக் கடையில் 'சடாமாஞ்சில்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்தச் சரக்கைத்தான் சொல்கிறேன்.

எங்கள் பெரியம்மா தலைக்கு எண்ணெய் காய்ச்சும் தினத்தில் கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, வெட்டிவேர் இவற்றோடு சடாமாஞ்சிலும் ஒரு பிடி சேரும். பார்வைக்கு அது ஒன்றும் லட்சணமாயிராது. பழுப்பு நிறத்தில், விரல் பருமனில், நார் நாராகச் சிக்குண்டு கிடக்கும். தவசிகளின் சடையைப் போலிருப்பதால்தான் அந்தப் பெயர். வாசனையோ, ஒரு முறை முகர்ந்தால் பத்து நாளைக்கு மறக்காது. "தலைச்சூடு தணியும், நல்ல தூக்கம் வரும்" என்பது பெரியம்மாவின் சித்தாந்தம். சித்த, ஆயுர்வேத வைத்தியர்களும் மனத்தைச் சாந்தப்படுத்தும் சரக்குகளின் வரிசையில்தான் இதை வைத்திருக்கிறார்கள்.

இந்த வேர் எங்கே விளைகிறது என்பதைக் கண்ணால் காணும் பாக்கியம் எனக்குக் கேதார யாத்திரையின்போது கிட்டியது. ஆவணி மாதம். சோப்தா என்னும் இடத்திலிருந்து துங்கநாத் ஆலயத்துக்குக் கால்நடையாக ஏறிக்கொண்டிருந்தோம். போகப் போக மரங்கள் குட்டையாகி, ஓரிடத்தில் அடியோடு நின்றுவிடுகின்றன. அதற்கு மேலே புல்வெளி, பாறை, பனிச் சிகரம், ஆகாயம், இவ்வளவுதான். அந்தப் புல்வெளிகளைக் கட்வால் நாட்டார் 'புக்யால்' என்கிறார்கள். பதினோராயிரம் அடிக்கு மேற்பட்ட அவ்விடத்தில் நாலடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. ஆனால் காலடியிலோ மஞ்சளும் நீலமும் ஊதாவுமாகப் பூக்கள் இறைந்து கிடக்கின்றன.

வழிகாட்டியாக வந்த கிழவரிடம் சடாமாஞ்சிலைப் பற்றி விசாரித்தேன். அவர் வெகு நேரம் தேடி, ஆலயத்துக்கு மேலேயுள்ள பாறைச் சரிவில் ஒரு சாண் உயரச் செடியைக் காட்டினார். நீண்ட இலைகள்; உச்சியில் இளஞ்சிவப்பாகச் சின்னஞ்சிறு பூங்கொத்து. நான் குனிந்து கையை நீட்டியதும் அவர் தடுத்துவிட்டார். இன்னும் விதை முற்றவில்லையாம். தாம் சிறு பிள்ளையாக இருந்த காலத்தில் ஆடு மேய்க்கும்போதே இந்தச் செடி காலில் இடறும் என்றும், இப்போது தேடினால்தான் கிடைக்கிறது என்றும் சொன்னார்.

அந்த உயரத்தில் ஒரு செடி உயிர் வாழ்வது லேசான காரியமன்று. வருஷத்தில் பாதிக்கு மேல் பனி மூடிக் கிடக்கும். எஞ்சிய நாலைந்து மாதங்களுக்குள் துளிர்த்து, பூத்து, விதைத்து, அடுத்த வருஷத்துக்கு வேண்டிய ஆகாரத்தையும் மண்ணுக்குள் சேமித்துவிட வேண்டும். அந்தச் சேமிப்புப் பெட்டிதான் நாம் வேர் என்று சொல்லும் தடித்த அடித்தண்டு. அதைச் சுற்றியுள்ள சடை, கழிந்துபோன வருஷங்களின் இலைக்காம்புகள் நாராகி நின்றதேயாகும். ஆகவே, ஒரு பிடி சடாமாஞ்சில் என்பது பல செடிகளின் பல வருஷத்து வாழ்க்கை.

இந்த வேரின்மேல் உலகத்துக்கு உண்டான மோகம் நேற்று ஏற்பட்டதல்ல. யவனர்கள் இதை 'நார்தோஸ்' என்றார்கள். கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் நம் சேர நாட்டு முசிறித் துறைமுகத்திலிருந்து சென்ற 'ஹெர்மபோலோன்' என்ற கப்பலின் சரக்குக் கணக்கு பாப்பிரஸ் ஏட்டில் எழுதப்பட்டு இன்றும் வியன்னா நகரில் இருக்கிறது. அதில் கங்கைப் பிரதேசத்து நார்தோஸ் 60 பெட்டிகள் கண்டிருக்கின்றன. ஹிமாலயத்தில் தோண்டி, கங்கை வழியே இறக்கி, தமிழர் துறைமுகத்தில் ஏற்றி, ரோமாபுரிச் சீமாட்டிகளின் கூந்தலுக்குப் போன சரக்கு! ராத்தல் 100 தினாரியஸ் வரை விலை போயிற்று என்று பிளினி எழுதி வைத்திருக்கிறார். அக்காலத்தில் ஒரு கூலியாளின் நாட்கூலி சுமார் ஒரு தினாரியஸ்.

இரண்டாயிரம் வருஷம் தாங்கிய மலை இப்போது தளர்ந்துவிட்டது. 1997-ஆம் ஆண்டில் ஸைட்டிஸ் என்னும் சர்வதேச ஒப்பந்தத்தின்படி இதன் வியாபாரம் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவரப்பட்டது. பின்னர் சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதை அழிவின் விளிம்பிலுள்ள உயிர்களின் பட்டியலில் சேர்த்துவிட்டது. விதை விழுமுன்பே வேரைப் பிடுங்குவது முதற் காரணம். மலைக் கிராமத்தாரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. நிலமும் உத்தியோகமும் இல்லாதவனுக்கு வேர் விற்ற காசுதான் உப்புக்கும் துணிக்கும். இன்னொரு காரணம், உலகம் சூடேறி வருவது. வெயில் ஏற ஏறக் கீழேயுள்ள செடிகள் மேலே ஏறுகின்றன. சிகரத்தின் அருகில் இருப்பது எங்கே ஏறும்?

கட்வாலில் துரோணகிரி என்று ஒரு கிராமம் உண்டு. அங்கே அனுமாருக்குப் பூஜை கிடையாது. சஞ்சீவி மூலிகைக்காகத் தங்கள் மலையைப் பெயர்த்துக்கொண்டு போனார் என்று அவர்மேல் இன்னும் கோபம். கேட்கும்போது சிரிப்பு வந்தது. யோசித்தபோது அந்தக் கோபத்தில் நியாயம் இருப்பதாகவே பட்டது. வால்மீகி ராமாயணத்தில் அனுமார் மலையைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டதாகவாவது இருக்கிறது. நாமோ வேரை வாங்கி எண்ணெயில் காய்ச்சிவிட்டுச் சக்கையை எறிந்துவிடுகிறோம்.

ஊர் திரும்பியதும் பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவள் நெடுநேரம் பேசாமலிருந்துவிட்டு, "செடியோடு போகிறதென்று யாரடா சொன்னார்கள்? காய்ந்த சருகு என்றல்லவா இருந்தேன்?" என்றாள். அது முதல் அவள் எண்ணெயில் வெட்டிவேர் இரட்டிப்பாகிவிட்டது. வெட்டிவேரும் வேர்தான், ஆனால் கடலூர்ப் பக்கத்து மணற்பாங்கான நிலத்தில் குடியானவன் நட்டு, சுமார் ஒரு வருஷத்தில் அறுவடை செய்து, மறுபடியும் நடுகிறான். எடுத்தது திரும்பி வருகிறது.

சடாமாஞ்சிலையே விலக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வைத்தியர் மருந்தாகக் கொடுத்தால் உட்கொள்ளத்தான் வேண்டும். கூந்தல் மணக்க வேண்டுமென்பதற்கு மட்டும் அது வேண்டாம். வாங்கும்போது, இது பயிர் செய்ததா, மலையில் பிடுங்கியதா என்று கடைக்காரரைக் கேளுங்கள். கட்வாலிலுள்ள ஸ்ரீநகரில், உயர்மலைத் தாவர ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய மூலிகைகளைப் பயிராக்கும் முறைகளை ஆராய்ந்து வருகிறார்கள். பயிர் செய்த சரக்குக்கு இரண்டு காசு அதிகமானாலும் கொடுப்போர் இருந்தால், மலைக் குடியானவன் அதை நட முன்வருவான். கடைக்காரருக்கு இன்று பதில் தெரியாமலிருக்கலாம். பத்துப் பேர் கேட்டால், அவர் தமக்குச் சரக்கு அனுப்புகிறவரைக் கேட்பார். அந்தக் கேள்வி ஒரு நாள் மலைக்குப் போய்ச் சேரும்.