யுனிக்ஸ் அன்ன

‘யுனிக்ஸ் போன்ற இயங்குதளம்’ என்ற தொடரைக் கணினித்துறை நண்பர்கள் ஆசிரியர் அறையில் அடிக்கடி வழக்காடக் கேட்கிறோம். லினக்ஸ் யுனிக்ஸா, இல்லையா? தமிழ் கற்பிக்கும் நமக்கு அங்கே என்ன வேலை என்று கேளாதீர்கள். ‘போன்ற’ என்பது உவம உருபு. ஆகவே வழக்கு நம் துறையைச் சார்ந்ததே.

1969இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது யுனிக்ஸ். இன்று அது வணிகப் பெயரும் ஆகும். ஓப்பன் குரூப் என்னும் அமைப்பு சோதித்துச் சான்றளித்தாலன்றி எவரும் சூட்டிக்கொள்ள இயலாது. ஆப்பிளின் மேக் இயங்குதளம் 2007இல் அச்சான்றைப் பெற்றது. பெர்க்கிலிப் பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் வழியில் நேராக வந்த ஃப்ரீபிஎஸ்டிக்கோ அப்பெயர் இல்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் புதிதாக எழுதத் தொடங்கிய லினக்ஸ், பிறப்பாலும் பெயராலும் அயலது.

தொல்காப்பியர் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு வகை கூறுகிறார். புலி போன்ற வீரன் என்றால் அவன் தாய் யார் என்று வினவுவதில்லை, பாய்ச்சலையே காண்கிறோம். 1970களில் யுனிக்ஸில் பிறந்த கிரெப் கட்டளை லினக்ஸிலும் அவ்வாறே தேடித் தருகிறது. ஒன்றன் விளைவை மற்றொன்றுக்கு ஊட்டும் ‘பைப்’பும் அப்படியே. வினையுவமம்! இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

ஆண்ட்ராய்டில்தான் இடறுகிறது. உட்கரு லினக்ஸே, பயன்படுத்துவோர் காணும் வினையோ வேறு. பௌர்ணமி இரவில் அண்ணாமலையைச் சுற்றி வரும் கூட்டத்தின் கைபேசிகளை எல்லாம் எண்ணி ‘லினக்ஸே வென்றது’ என்கிறார் நண்பர். 2017 நவம்பர் முதல் உலகின் முதல் ஐந்நூறு மீக்கணினிகளும் லினக்ஸில் இயங்குவதைச் சொல்லட்டும், ஒப்புவோம். கைபேசிக் கணக்கை ஒப்போம்.

ஏனெனில் கைக்கு வந்ததும் கைக்கொண்டதும் ஒன்றல்ல என்பதை அருகிலேயே கண்டோம். தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் வந்தது. டெபியன் வழி வந்தது, தமிழிலும் இயங்குவது. நம் மாணவர் பலர் அதைத் திறந்ததே இல்லை. இடம் அடைக்கிறதென்று அழித்தோரும் உண்டு. திறந்து காட்டவும் ஆளில்லை. செங்கம் பக்கத்து மாணவி ஒருத்தி மட்டும் பட்டிகளைத் தமிழுக்கு மாற்றிக்கொண்டு, உவமவியல் பற்றிய கட்டுரையை அதிலேயே தட்டச்சிட்டு வந்து கொடுத்தாள்.