சுகருக்கு ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை நான் ஏன் எழுதறதில்ல?

"எதிர்ப்பு சக்திக்கு ஏதாவது ஆன்டிஆக்சிடன்ட் எழுதிக் குடுங்க டாக்டர்." சுகர் இருக்கறவங்க அடிக்கடி கேக்கறது இது. எழுதிக் குடுக்க அரை நிமிஷம் போதும். ஏன் எழுதறதில்லன்னு சொல்ல கொஞ்சம் நேரம் ஆகும். பொறுமையா படிங்க.

கால்ல முள்ளு குத்தினா முதல்ல ஓடி வர்ற வெள்ளை அணு நியூட்ரோஃபில். கிருமியை முழுங்கி, ஆக்சிஜனை வெச்சு உள்ளுக்குள்ளயே சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு, ஹைப்போகுளோரஸ் அமிலம் எல்லாம் தயாரிச்சுக் கொல்லும். கடைசியா சொன்னது பிளீச்சிங் பவுடரோட பங்காளி. அதாவது நீங்க பயப்படற அந்த 'ஆக்சிடன்ட்'தான் அதோட ஆயுதமே. இதைச் செய்யற என்சைம் பிறவியிலேயே பழுதான குழந்தைகள் இருக்காங்க. நிமோனியா, சீழ்க்கட்டின்னு திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருவாங்க.

இப்போ சுகருக்கு வருவோம். செல்லுக்குள்ள குளுக்கோஸ் அளவுக்கு மீறினா ஒரு பகுதி சார்பிட்டாலா மாறும். அதுக்கு என்ஏடிபிஹெச்னு ஒரு மூலக்கூறு செலவாகும். வெள்ளை அணு ஆயுதம் செய்யவும் அதே என்ஏடிபிஹெச்தான் வேணும். செல்லைக் காப்பாத்தற குளூட்டாதயோனைப் புதுப்பிக்கவும் அதேதான். ஒரே ரேஷன் கார்டு, மூணு குடும்பம்!

அதே நேரம் ரத்தக்குழாயோட உள்சுவர்ல மைட்டோகாண்ட்ரியா சூப்பராக்சைடை அள்ளிக் கொட்டுது. மைக்கேல் பிரவுன்லீ 2001-ல நேச்சர் இதழ்ல இதை விளக்கமா எழுதினார். போதாததுக்கு, நியூட்ரோஃபில் தன் டிஎன்ஏவையே வலை மாதிரி வீசும். சுகர் அதிகமா இருந்தா இந்த வலை தேவையில்லாம விழுந்து, புண் ஆறுறதைத் தாமதப்படுத்துதுன்னு 2015-ல எலிகள்ல காட்டியிருக்காங்க.

ஆக, அடுப்புல எரிய வேண்டிய தீ அங்க எரியல, கூரையில எரியுது. நீங்க முழுங்கற கேப்சூலுக்கு அடுப்பு எது, கூரை எதுன்னு தெரியாது.

ஹோப்னு ஒரு பெரிய ஆய்வு, முடிவு 2000-ல வந்தது. 9,500-க்கும் மேற்பட்டவங்க, அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல சுகர்காரங்க. தினமும் 400 யூனிட் வைட்டமின் ஈ, சராசரியா நாலரை வருஷம். மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் எதுவும் குறையல. (இது இதயத்துக்கான ஆய்வு. புண்ணை வெச்சுப் பண்ணினது இல்ல. அதையும் சொல்லிடணும்.)

காசு போனா போகட்டும்னு விடலாம்தான். ஆனா என்கிட்ட வந்த ஒரு பெரியவர், மாசம் 1,400 ரூபா கேப்சூலுக்குப் போகுதேன்னு மெட்ஃபார்மினை ஒரு வேளையா குறைச்சிருந்தார். மூணு மாச சராசரி 11-ஐத் தாண்டியிருந்தது. பெருவிரலுக்கு அடியில ஒரு ரூபா காசு அளவுக்குப் புண். "வலியே இல்ல டாக்டர்"னு சந்தோஷமா சொன்னார். எனக்கு அதைக் கேட்டதும்தான் பகீர்னுச்சு. கடைசில அந்த விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

சுகர் இருக்கற இதய ஆபரேஷன் நோயாளிகளுக்கு இன்சுலின் குடுத்து சர்க்கரையை இறுக்கிப் பிடிச்சப்போ, நியூட்ரோஃபிலோட முழுங்கற திறன் மேம்பட்டதைப் பார்த்திருக்காங்க. எதிர்ப்பு சக்திக்கு மாத்திரை கேக்கறீங்கல்ல? உங்க பழைய சுகர் மாத்திரைதான் அது.

நெல்லிக்காய் சாப்பிடலாமான்னு கமென்ட்ல கேப்பீங்க. தாராளமா. சாப்பாடா சாப்பிடுங்க, மாத்திரைக்குப் பதிலா வேண்டாம்.

வீட்ல ஏதாவது டப்பா வாங்கி வெச்சிருந்தா, அடுத்த தடவை செக்கப்புக்குப் போறப்போ உங்க டாக்டர்கிட்ட காட்டுங்க. அப்படியே செருப்பைக் கழட்டி, ரெண்டு பாதத்தையும் பாக்கச் சொல்லுங்க.