மருந்துக்கடையில் இல்லாத மருந்து



ஸ்கார்பரோவில் எங்கள் கீழ்வீட்டு அக்காவுக்கு நீரிழிவால் வந்த நரம்பு வலி. இரவானால் உள்ளங்கால் எரியும். போர்வை பட்டாலே துடித்துப்போவார். மாத்திரைகள் எதுவும் சரிவரவில்லை. கடைசியில் டாக்டர் கஞ்சா எண்ணெய்க்கு எழுதிக் கொடுத்தார். தபாலில் வந்த குப்பியில் சிவப்பு எண்கோணத்துக்குள் கஞ்சா இலை, பக்கத்தில் மஞ்சள் கட்டத்தில் எச்சரிக்கை. "தம்பி, இது ஊரிலை பொலிஸ் பிடிக்கிற சாமானெல்லோ? சனம் கண்டால் என்ன சொல்லுவினம்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

கஞ்சாவை மருந்தாகப் பயன்படுத்தும் உரிமையைக் கனடாவில் நோயாளிகள் நீதிமன்றம் ஏறித்தான் வாங்கினார்கள். வலிப்பு நோய்க்காகக் கஞ்சா வளர்த்து வழக்கில் மாட்டியவர் டெரன்ஸ் பார்க்கர். மருத்துவத் தேவைக்கு விலக்களிக்காத தடை அரசியலமைப்புக்கு முரணானது என்று 2000-இல் ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. மறு ஆண்டே நோயாளிகளுக்கான விதிமுறைகள் வந்தன. மற்றவர்களுக்கு 2018 அக்டோபரில்தான் அனுமதி.

எல்லா வலிக்கும் இது கைகண்ட மருந்தென்று சொல்லமாட்டேன். 2021-இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வந்த வழிகாட்டலே, மற்ற சிகிச்சைகள் போதாத நாள்பட்ட வலிக்குப் புகைக்காத வடிவில் கொடுத்துப் பார்க்கலாம் என்ற அளவில் நின்றுகொள்கிறது. பலருக்கு வலி கொஞ்சம்தான் குறையும். ஆனால் அந்தக் கொஞ்சத்தில் அக்கா விடியும்வரை தூங்குகிறார். அதைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனம் வரவில்லை.

என் கோபம் வேறிடத்தில். டாக்டரின் தாளில் இருப்பது நாளுக்கு இத்தனை கிராம் என்ற கணக்கு. உரிமம் பெற்ற விற்பனையாளர் அதைப் பார்த்து நேரே தபாலில் அனுப்புகிறார். நடுவே பார்மசிஸ்ட் கிடையாது. இரத்தம் உறையாமலிருக்க அக்கா வார்ஃபரின் குடிக்கிறார். எண்ணெயிலுள்ள சிபிடி என்ற சேர்மம் அதன் வேகத்தைக் கூட்டி இரத்தக்கசிவில் கொண்டுபோய் விடலாம். இரத்தப் பரிசோதனைக்குப் போன இடத்தில், மகள் தற்செயலாகக் கேட்டதால்தான் நர்ஸ் எச்சரித்தார். குடித்த எண்ணெய் வேலை செய்ய ஒன்றிரண்டு மணிநேரம் ஆகும் என்பதும் முக்கியம். பொறுமையிழந்து இரண்டாம் முறை குடிக்கும் முதியவர் நள்ளிரவில் தலைசுற்றி விழலாம்.

பணமும் வதைக்கிறது. டாக்டர் எழுதித்தரும் மற்ற மருந்துகளுக்கு விற்பனை வரி இல்லை. இதற்கு அந்த வரியோடு கலால் வரியும் உண்டு. முன்னாள் படைவீரர்களுக்கு அரசு செலவைத் தருகிறது. மற்றவர்களுக்குக் காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் கைவிரிக்கின்றன.

அக்காவின் மகளும் நானும் எங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதியிருக்கிறோம்: வலிக்காரரிடம் வரி வாங்காதீர்கள், இந்தக் குப்பியையும் பார்மசிஸ்ட் கையால் கொடுக்க வையுங்கள்.

அன்புடன்,
ஸ்கார்பரோவிலிருந்து